நம்பிக்கை குறைந்த முதலீட்டாளர்

எனக்கு நம்பிக்கை போதாது என்று ஒரு நாட்டின் அரசாங்கமே சொல்லிவிட்டது. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இரத்தத்தில் இரும்புச் சத்து போதவில்லை, பயப்பட ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொல்வாரே, அந்தத் தொனியில்தான் சொன்னார்கள். தேநீரும் கொடுத்தார்கள்.

அக்காவும் நானும் பட்டன் பட்டறை நடத்துகிறவர்கள். மூடிய ஆலை ஒன்றின் ஏலத்தில் எடுத்த ஒரே ஒரு மிஷின்தான் எங்கள் சொத்து. பிளாஸ்டிக் தகட்டை வட்டம் வட்டமாக வெட்டி, நான்கு துளை போட்டு, விளிம்பைத் தேய்த்துக் கீழே கொட்டும். அதற்கு ஒரு குணம் உண்டு. சும்மா நிற்கப் பொறுக்காது. வேலை இல்லாத நாளிலும் யாராவது பக்கச் சக்கரத்தைக் கையால் சுற்றி இரண்டு சொட்டு எண்ணெய் விட்டாக வேண்டும். இல்லாவிட்டால் இறுகிக்கொள்ளும். அக்கா அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தாள். தினமும் போய் என்ன ஏது என்று விசாரிக்க வேண்டும், ஒரு நாள் விட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் என்பாள்.

எங்கள் பக்கத்துத் தையல் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கடல் கடந்து அந்த நாட்டுக்குப் போய்விட்டன. கூலி குறைவாம், இடம் மலிவாம். அங்கே சட்டை தைத்தார்கள். பட்டன் மட்டும் கப்பலில் வரவழைத்தார்கள். சட்டை இருக்கும் இடத்துக்குப் பட்டன் போக வேண்டியதுதானே என்று எனக்குத் தோன்றியது. அந்தச் சமயத்தில் அந்த நாட்டின் முதலீட்டாளர் வரவேற்பு ஆணையம் எங்கள் ஊர் ஓட்டல் ஒன்றில் கூட்டம் போட்டது. படம் காட்டினார்கள். படத்தில் ஒருவர் பெட்டியோடு வந்து இறங்குகிறார், பூங்கொத்து கொடுக்கிறார்கள், அடுத்த காட்சியில் அவர் பின்னால் ஒரு தொழிற்சாலை புகை விடுகிறது. நடுவில் என்ன நடந்தது என்று படத்தில் இல்லை. நானும் கேட்கவில்லை.

அக்காவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "வா வான்னு வாசல்ல நின்னு இவ்வளவு கூப்பிடறவன் வீட்டுல ஏதோ கோளாறு இருக்குடி" என்றாள். அப்புறம் அவளே மிஷினுக்குக் கோணி சுற்றிக் கட்டினாள். பட்டறைப் பெண்களிடம் கொஞ்ச காலம் பொறுத்துக்கொள்ளச் சொன்னோம். அங்கே மிஷின் ஓடத் தொடங்கினால் அந்த வரும்படியில் இங்கே இன்னொரு மிஷின் என்பது திட்டம். அது ஓடும்வரை அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. எங்களோடு சேர்த்து எட்டுக் குடும்பம் ஒரு மிஷினை நம்பி உட்கார்ந்திருந்தது.

மிஷின் கப்பலின் அடியிலும் நான் அதன் மேலுமாகப் பயணம் செய்தோம். இறங்கிய இடத்தில் வரவேற்பு ஆணையத்துக்காரர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். தரையில் ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் வந்தவர்கள், இந்தப் பக்கம் வரவேற்பவர்கள். பூங்கொத்து கொடுத்து, போட்டோ எடுத்து, என் கடவுச்சீட்டைப் பத்திரப்படுத்துவதாக வாங்கிக்கொண்டார்கள். என் கல்யாணத்தில்கூட அத்தனை பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. அவர்கள் மொழி எனக்குக் கொஞ்சம் தெரியும். அவர்கள் பேசியதை நம் பேச்சில் தருகிறேன். சிரிப்பை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

ஆணையத்தில் ஒற்றைச் சாளர முறை. நான் அதை ஒரு பேச்சுக்குச் சொல்வதாக நினைத்திருந்தேன். பளிங்குக் கூடத்தில் நிஜமாகவே ஒரு சாளரம் இருந்தது. அதன் பின்னால் வரவேற்பு அதிகாரி. அவர் பின்னால் ஒரு மேசை, அதன் பின்னால் இன்னொரு மேசை, அதன் பின்னால் இன்னொன்று. ரயில் பெட்டிகள்போல இருட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தன. நாம் கேட்பதை அதிகாரி பின்னால் திரும்பிச் சொல்வார். அந்த மேசைக்காரர் தனக்குப் பின்னால் சொல்வார். எங்கோ உள்ளே போய் முட்டிக்கொண்டு பதில் திரும்பி வரும். சாளரம் ஒன்றுதான். அதில் பொய்யே இல்லை.

வரவேற்பு அதிகாரிக்கு வணங்கி வணங்கிக் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தே நின்றுவிட்டிருந்தது. அவரைப்போல மரியாதை தெரிந்தவரை நான் பார்த்ததில்லை.

"உங்க மிஷின் துறைமுகக் கிடங்குல பத்திரமா இருக்கு மேடம். நீங்க எதுக்கும் கவலைப்படக் கூடாது. கவலைப்பட்டா அனுமதி தர முடியாது" என்றார்.

உபசாரம் என்று நினைத்துச் சிரித்தேன். அது விதி.

அந்த விதி வந்த கதையை அவரே சொன்னார். நாடுகளுக்கு மதிப்பெண் போடுகிற பெரிய கம்பெனிக்காரர்கள் சிலர் எங்கிருந்தோ வந்து பார்த்துவிட்டு, இந்த நாட்டில் முதலீட்டாளர்களின் நம்பிக்கை குறைந்திருக்கிறது என்று எழுதிவிட்டார்களாம். ஆணையம் அவசரக் கூட்டம் போட்டு யோசித்தது. நம்பிக்கை யாரிடம் இருக்கிறது? முதலீட்டாளரிடம். அப்படியானால் குறை யாரிடம்? அன்றுமுதல் முதலீட்டாளர்களைச் சரிசெய்வதற்கென்று ஒரு பிரிவு தொடங்கினார்கள். அதன் ஆய்வாளர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். அறுபது மதிப்பெண் வாங்கினால் அனுமதி.

நம்பிக்கை ஆய்வாளர் ஏறக்குறைய என் வயதுப் பெண். படி ஏறி வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்துக்கொண்டே என் அறையைக் கண்ணால் அளந்தாள். வாடகை அறை; ஒரு கட்டில், ஓர் அடுப்பு, மேலே சின்னப் பரண். நேராக அடுப்பங்கரைக்குப் போய் அரிசி டப்பாவைத் திறந்தாள்.

"அரைக் கிலோதான் வாங்குவீங்களா?"

"நான் ஒருத்திதானே."

"நம்பிக்கை இருக்கறவங்க மூட்டையா வாங்குவாங்க" என்றாள். குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. தெரியாதவளுக்குச் சொல்லித் தருகிற குரல். அடுத்துக் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். பெட்டியைக் கை எட்டும் இடத்தில் வைத்திருப்பது பெரிய குறையாம். பரண்மேல் போட வேண்டும், எடுப்பதற்குக் கஷ்டமாக இருக்க வேண்டும். சன்னலுக்கு ஏன் திரை போடவில்லை, சுவரில் ஏன் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை என்று கேட்டாள். ஆணி அடிக்காதவர்கள் எந்த நேரமும் கிளம்பிவிடுவார்களாம். புருஷன் எங்கே என்றாள். இறந்து ஆறு வருஷம் ஆகிறது என்றேன். அதற்கு மதிப்பெண் குறைக்கவில்லை. திரும்பிப் போய்ச் சேர ஆள் இல்லை என்பது கணக்கில் நல்லதுதான் என்றாள்.

கடைசியில் என் எதிரே உட்கார்ந்து கேட்டாள். "இப்ப சொல்லுங்க. உங்க மனசுல என்ன இருக்கு?"

அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் கேட்கவில்லை, பின்னாலும் கேட்கவில்லை, புருஷன் போன வீட்டில் துக்கம் விசாரிக்க வந்தவர்கள்கூட இனி என்ன செய்யப் போகிறாய் என்றுதான் கேட்டார்கள். ஓர் அரசாங்கம் ஆள் அனுப்பி, மூச்சு வாங்கப் படியேற்றி, என் மனத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கிறது. நெகிழ்ந்துவிட்டேன். உள்ளே தேடிப் பார்த்து இருப்பதை இருக்கிறபடியே சொன்னேன். மிஷின் இறுகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பட்டறைப் பெண்களின் முகம் வந்து வந்து போகிறது. அக்கா சொன்னதைக் கேட்டிருக்கலாமோ என்றிருக்கிறது.

அவள் என் கையைத் தொட்டாள். கண்கள்கூட லேசாகக் கலங்கியிருந்தன.

"இவ்வளவு உண்மையா யாரும் சொன்னதில்லை. அதுக்குத்தான் குறைக்கறேன்" என்றாள்.

மதிப்பெண் இருபத்திரண்டு.

மறுநாளே ஒரு மூட்டை அரிசி வாங்கினேன். சுவரில் வரிசையாக ஆணி அடித்தேன். மாட்டுவதற்கு ஒன்றும் இல்லாததால் ஆணிகளே அலங்காரமாக நின்றன. சோப்புத் தொழில் தொடங்க வந்து என்னைப்போலவே காத்திருந்த ஒருவரின் யோசனைப்படி ஓர் இரும்பு பீரோவும் வாங்கினேன். நான்கு பேர் தூக்கி வந்தபோது மாடிப்படியின் கைப்பிடி பெயர்ந்தது. இனி இது கீழே இறங்காது அம்மா என்று அவர்கள் சொன்னபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அது எப்படியும் பத்து மதிப்பெண் பெறும். பீரோவுக்குள் மூன்று புடவையும் ஒரு போர்வையும் வைத்தேன்.

போனில் அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "நீ தொழில் பண்ணப் போனியா, குடித்தனம் பண்ணப் போனியா?" என்றாள். மிஷினை யாராவது சுற்றிவிடுகிறார்களா என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அந்தச் சோப்புக்காரர் எனக்கு முன்பே வந்தவர். தலையெல்லாம் நரைத்தவர். முதல் ஆய்விலேயே அவர் நெஞ்சை நிமிர்த்தி, இந்த நாட்டு முதுகு ஒவ்வொன்றிலும் என் சோப்பு நுரைக்கும் என்று சொல்லிவிட்டார். தொண்ணூற்றெட்டு போட்டுவிட்டார்கள். தொண்ணூற்றைந்துக்கு மேல் போனால் மிதமிஞ்சிய நம்பிக்கை, சந்தை சூடேறிவிடும். ஆகவே அவரைக் குளிர்விக்க உத்தரவு. தினமும் காலையில் வந்து ஆணையத்தின் ஏசி அறை ஒன்றில் உட்கார்ந்துவிட்டு மாலையில் போக வேண்டும். கழுத்தைச் சுற்றி மப்ளரோடு அங்கே உட்கார்ந்திருப்பார்.

"நம்பிக்கையை இடுப்பு அளவுல வெச்சுக்கோ தங்கச்சி. தலைக்கு மேல போனா முழுகிடுவே. கால்ல கிடந்தா மிதிச்சுட்டுப் போயிடுவாங்க" என்றார். இதைச் சொல்லும்போது இரண்டு முறை தும்மினார்.

என் கவலையெல்லாம் அந்தச் சக்கரம்தான். அனுமதி எப்போது வருமோ வரட்டும்; கிடங்குக்குள் போய் அதை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வர விட்டால் போதும் என்று சாளரத்தில் கேட்டேன். கேள்வி மேசை மேசையாகப் பின்னால் போயிற்று. முணுமுணுப்பு இருட்டுக்குள் தேய்ந்து மறைந்து, வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தது. சக்கரம் சுற்றினால் மிஷின் ஓடியதாக ஆகிவிடும், அனுமதி இல்லாமல் ஓடிய மிஷினுக்கு அனுமதி கிடையாது என்றார் அதிகாரி. சரி, சுற்றவில்லை, இரண்டு சொட்டு எண்ணெயாவது விடுகிறேன் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. பெற்ற தாய் சமைத்ததை முகர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிடுகிற பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"எண்ணெய் விடணும்னா, துருப் பிடிக்கும்னு நினைக்கறீங்க. எங்க துறைமுகத்துல துருப் பிடிக்கும்னு ஒரு முதலீட்டாளரே நினைக்கலாமா மேடம்?"

நினைக்கவில்லை என்றேன். நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். அன்றுதான் முதன்முதலாக நான் நினைப்பது ஓர் அறையிலும் சொல்வது ஓர் அறையிலுமாகக் குடியிருக்கத் தொடங்கின.

ஆணையத்தின் ஆண்டு விழாவுக்கு எங்களை அழைத்தார்கள். போகாவிட்டால் ஐந்து மதிப்பெண் போகும். மேடையில் தலைவர். எடுத்த எடுப்பில் அவர் கண் கலங்கினார். அது அவருக்குப் பேச்சின் தொடக்கத்திலேயே வரும் என்று சோப்புக்காரர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

"நண்பர்களே, இந்த வருஷம் போன வருஷத்தைவிட அதிகமான முதலீட்டாளர்களை வரவேற்றிருக்கோம்" என்று தொடங்கினார். "வந்தவங்கள்ல ஒருத்தர்கூடத் திரும்பிப் போகலை. ஏன் போகலை? எல்லாரும் என்னைக் கேக்கறாங்க. அவங்க சாமானெல்லாம் நம்மகிட்ட இருக்கு, எப்படிப் போவாங்க? இதுக்குப் பேர்தான் நீண்டகால முதலீடு."

கைதட்டினார்கள். அவர் கையமர்த்தினார்.

"சில பேர் கேக்கறாங்க, ஏன் சீக்கிரம் தொழில் தொடங்க விடறதில்லைன்னு. தொழில்னு தொடங்கிட்டா என்ன ஆகும்? ஒருத்தருக்கு லாபம் வரும், ஒருத்தருக்கு நஷ்டம் வரும். நஷ்டம் வந்தவர் ஊருக்குப் போய் நம்மளத் திட்டுவார். ஆனா தொடங்காத தொழில்ல இந்த நாட்டுல இன்னிவரைக்கும் ஒரு பைசா நஷ்டம் வந்ததா யாராவது சொல்ல முடியுமா? நான் சவால் விடறேன்."

யாராலும் சொல்ல முடியவில்லை.

"நாம வளரும் சந்தை. முப்பது வருஷமா வளர்ந்துக்கிட்டே இருக்கோம். ஒரு நாளாவது வளர்ந்து முடிச்சிருக்கமா? முடிச்சிருந்தா இந்த ஆணையம் இருக்குமா? இந்தக் கட்டடம் இருக்குமா? நான்தான் இருப்பேனா? என்னோட ஆசையெல்லாம் ஒண்ணுதான். என் பேரப்பிள்ளைங்க காலத்துலயும் இதே மேடையில நின்னு இதே பேச்சை ஒருத்தர் பேசணும்."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. நம்பிக்கை ஆய்வாளர் வரிசைகளுக்கு நடுவே நடந்து எங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டு போனாள். நானும் தட்டினேன். உள்ளங்கை சிவந்திருந்ததை வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன்.

மறுநாள் காலையில் சாளரத்துக்குப் போனேன். எனக்கு அனுமதி வேண்டாம். மிஷினைக் கொடுங்கள், வந்த வழியே கொண்டுபோய்விடுகிறேன் என்றேன். வணங்கக் குனிந்த அதிகாரி குனிந்தபடியே நின்றார். அந்த நாட்டில் அவரை யாரும் இப்படி அவமானப்படுத்தியதில்லை என்று தோன்றியது.

"அது விடை கொடுக்கற பிரிவோட வேலை மேடம்."

"அது எங்க இருக்கு?"

"இன்னும் தொடங்கலை. அதுக்கு ஒரு முதலீட்டாளரைத் தேடிக்கிட்டிருக்கோம்" என்றவர், குரலைத் தாழ்த்தி, நீங்களேகூட விண்ணப்பிக்கலாம் என்றார். கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். எனக்கு நல்லது சொல்கிறவரின் முகம்தான் அது.

அறைக்குத் திரும்பி பீரோவுக்கு எதிரே உட்கார்ந்தேன். அது அடைத்துக்கொண்ட இடம் போக மீதி இடத்தில்தான் நான் இருந்தேன். அழலாம் என்று பார்த்தேன்; வரவில்லை. கோபப்படப் பார்த்தேன். யார்மேல்? குனிந்தவர்மேலா, என் கையைத் தொட்டவள்மேலா? கோபம் நிற்பதற்கு ஓர் இடம் கேட்கிறது. எல்லாரும் வழவழவென்று இருந்தார்கள். எங்கே வைத்தாலும் அது வழுக்கி என் மடியிலேயே விழுந்தது. சில நாட்களில் அதுவும் வருவதை விட்டுவிட்டது. மிஷினைப் பற்றி நினைப்பது குறைந்தது. காலையில் எழுந்தேன், மூட்டையிலிருந்து அரிசி எடுத்தேன், சமைத்தேன். மனத்துக்குள் கை விட்டுத் துழாவினால் கூட்டித் துடைத்த தரைதான் தட்டுப்பட்டது.

அந்த நிலையில்தான் ஆய்வாளர் மறுபடி வந்தாள். மூட்டையைப் பார்த்தாள். பீரோவைத் தட்டிப் பார்த்தாள். மனசுல என்ன இருக்கு என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல மலர்ந்தாள்.

"பயம் இல்ல. அவசரம் இல்ல. கேள்வி இல்ல. இதுதாங்க முழு நம்பிக்கை. நான் பயிற்சியில படிச்சிருக்கேன், நேர்ல இப்பத்தான் பார்க்கறேன்."

தொண்ணூற்றுநான்கு போட்டாள். அப்போது போன் அடித்தது. அக்கா. ஆய்வாளர் பேனாவை மூடாமல், பேசுங்கள் பேசுங்கள் என்று சைகை காட்டினாள்.

"எப்படிடி இருக்கு அங்க?" என்றாள் அக்கா.

"எல்லாம் நல்லபடியா நடக்குதுக்கா. ரொம்ப நல்லாக் கவனிச்சுக்கறாங்க."

அக்கா கேட்டாள். "யாரு பேசறது?"

"நான்தான்க்கா."

"உன் குரலுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. எல்லாம் நல்லபடியா நடக்குது."

"சரி. நான் கிளம்பி வரேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஆய்வாளர் படியிறங்கிப் போன சத்தம் ஓய்ந்த பிறகு நான் அக்காவை அழைத்தேன். வராதே, தயவுசெய்து வந்துவிடாதே, இது வந்தவர்கள் போகிற இடமில்லை என்று கதறினேன். எத்தனையோ நாட்களுக்குப் பிறகு குரல் உடைந்து வந்தது.

"இப்பத்தான் உன் குரல் மாதிரி இருக்கு" என்றாள் அக்கா. "அதான் வரேன். மிஷினை நீ சுத்த வேண்டாம், நான் வந்து சுத்தறேன். எவன் தடுக்கறான்னு பார்க்கறேன்."

என் மதிப்பெண்ணுக்குப் பரிசாக அனுமதி கிடைக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். சாளரத்தில் அதிகாரி விளக்கினார். அறுபதுக்கு மேல் வாங்கியவர்களுக்கு அனுமதி. தொண்ணூறுக்கு மேல் வாங்கியவர்கள், மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டான மாதிரி முதலீட்டாளர்கள். அவர்களைச் சாதாரணத் தொழிலில் வீணாக்க ஆணையம் விரும்புவதில்லை. புதிதாக வருகிறவர்களை வரவேற்கிற வரிசையில் எனக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். மாதிரி முதலீட்டாளருக்கு இன்னொரு சலுகையும் உண்டு: தன் முதலீட்டைக் கண்ணால் பார்க்கலாம்.

கிடங்கில் கம்பி வலைக்கு அப்பால் என் மிஷினைக் காட்டினார். முதலில் அடையாளம் தெரியவில்லை. கோணியைப் பிரித்துவிட்டு மிஷினுக்குப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஆணையத்தின் நீலம். உடம்பு, பற்சக்கரம், எண்ணெய் விடுகிற துளைகள், பக்கச் சக்கரம், சக்கரத்துக்கும் உடம்புக்கும் நடுவே இருந்த மெல்லிய இடைவெளி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பூச்சாகக் கனமாகப் பூசியிருந்தார்கள். எது நகரும், எது நகராது என்று தெரியாதபடி அது ஒரே பொருளாக இருந்தது. நன்றாகக் காய்ந்திருந்தது.

"உங்க கவலையை மனசுல வெச்சுத்தான் செஞ்சோம் மேடம். இனிமே துருவே பிடிக்காது" என்றார் அதிகாரி.

நான் நன்றி சொன்னேன். என் வாய் சொல்லிவிட்டது. எனக்குள்ளே யாரோ ஒருத்தி வலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை.

பெயிண்ட் விஷயத்தை அக்காவிடம் சொல்வதற்குள் அவள் கப்பல் ஏறிவிட்டாள்.

அவள் வந்து இறங்கிய அன்று துறைமுகத்தில் நான் வரிசையில் நின்றேன். கையில் பூங்கொத்து. எனக்கு இடப்பக்கம் ஆய்வாளர். பின்னால் வரவேற்பு அதிகாரி. யார் வருகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பயணிகள் பட்டியலைப் பார்த்து அவரே கண்டுபிடித்துப் பூரித்துப் போயிருந்தார்.

அக்கா கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு வந்தாள். தோளில் துணிப் பை, அதில் திருகு சாவிகளின் கைப்பிடிகள் துருத்திக்கொண்டிருந்தன. கையில் பட்டறை எண்ணெய்க் குப்பி, நீள மூக்கோடு. கப்பல் முழுக்க அதைக் கீழே வைக்காமல் வந்திருப்பாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். என்னைப் பார்த்ததும் முகம் இளகியது. அடுத்த கணம் என் கையிலிருந்த பூங்கொத்தைப் பார்த்தாள்.

அதிகாரி குனிந்து, பையில் என்ன என்று விசாரித்தார். மிஷினுக்கு வேண்டிய சாமான் என்றாள். எந்த மிஷின் என்றார். எங்கள் மிஷின் என்றாள். அவர் நிமிர்ந்து ஆய்வாளரைப் பார்த்தார். கூடுதல் முதலீடு, குடும்பமாக நம்பிக்கை வைத்திருக்கிறார்கள் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

"நான் ஒரு முதலீடும் பண்ண வரல. இவளையும் எங்க மிஷினையும் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்" என்றாள் அக்கா.

"ஆகட்டும் மேடம். கையில இருக்கறதை மட்டும் கொடுத்துடுங்க. கிடங்குல பத்திரமா வெச்சுக்கறோம்."

"தொட்டுப் பாருங்க" என்றாள் அக்கா. குப்பியை மார்போடு அணைத்துக்கொண்டாள். எங்கள் ஊரில் வரிப் பணம் வசூலிக்க வந்தவனை அவள் அப்படிப் பார்த்து நான் பார்த்திருக்கிறேன். அவன் அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான். அதிகாரியும் தயங்கினார். அந்த நாட்டில் எல்லாவற்றையும் மரியாதையோடுதான் வாங்க முடியும். பிடுங்குவதற்கு விதி இல்லை. ஒரு நிமிஷம் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் அப்படியே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். "நீ எந்தப் பக்கம்டி நிக்கறே?" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

போட்டோக்காரர் எல்லாரையும் நெருங்கி நிற்கச் சொன்னார். ஆய்வாளர் என் முழங்கையை லேசாகத் தொட்டாள். என் முறை.

நான் பூங்கொத்தை நீட்டினேன். அது பெரிய பூங்கொத்து. இரண்டு கையாலும்தான் வாங்க முடியும். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே என்ன தேடினாள், என்ன கண்டாள் என்று தெரியாது. தங்கை நீட்டுவதை வாங்காமல் இருந்து அவளுக்கு வழக்கமில்லை. குனிந்து எண்ணெய்க் குப்பியைத் தரையில் வைத்தாள். அதிகாரி அதைப் பணிவோடு எடுத்துக்கொண்டார்.